45,000 கட்டிப் படிப்பதா, இலவசக் கருவிகளை வைத்தே இணைய மார்க்கெட்டிங் கற்பதா?

மலர்_சின்னாளப்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலைத் தொழில். மதுரைக் கடைகளுக்கு மொத்தமாகப் போட்டுவிடுவோம். இப்போது கடைக்காரர் தரும் காசு சாயத்துக்கும் கூலிக்கும் சரியாகப் போய்விடுகிறது. நேரடியாக விற்றால் சேலைக்கு 150 ரூபாயாவது கூட நிற்கும் என்று போன வருடம் வாட்ஸ்அப்பில் விற்க ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள், பள்ளித் தோழிகள் எல்லோரும் வாங்கி முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் நகரவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் மூன்று மாத வகுப்பு, 45,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம் என்கிறார்கள். தம்பி "கட்டிப் படி அக்கா" என்கிறான். 45,000 ரூபாய்க்கு வெள்ளைத் துணி எடுத்துப் போட்டால் எனக்கு ஒரு தீபாவளி ஓடிவிடும். என்னிடம் இருப்பது ஒரு போன், பழைய லேப்டாப், மாதம் ஆயிரம் ரூபாய், ராத்திரி இரண்டு மணி நேரம். இதை வைத்துக்கொண்டு இலவசமாகவே கற்றுவிட முடியுமா?

கணக்குப்பிள்ளை (திருப்பூர்)

அந்த 45,000-ஐ நானும் கட்டச் சொல்லமாட்டேன் தங்கச்சி. ஆனால் "இலவசமாகவே" என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். எட்டு வருடமாகப் பனியன் கம்பெனிகளுக்கு ஆன்லைன் விளம்பரம் பார்க்கிறேன். ஆறு மாதம் யூடியூப் பாடம் பார்த்தே ஓட்டியவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நோட்டு நிறையக் குறிப்பு இருக்கும், ஒரு ஆர்டர் இருக்காது.

இலவசக் கருவி என்பது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகச் சொல்வார்கள். வெப்சைட்டின் எந்த வடிவம் நன்றாக ஓடுகிறது என்று சோதித்துப் பார்க்கும் கூகுள் ஆப்டிமைஸை 2023 செப்டம்பரில் மூடினார்கள். கூகுள் மேப்பிலும் தேடலிலும் கடையைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப்பில் முன்பு 2000 பேர் வரை இலவசமாக வைத்துக்கொள்ளலாம், பிறகு அதை 500-ஆகக் குறைத்தார்கள். நீங்கள் கற்று முடிப்பதற்குள் கருவி கையில் இருக்காது.

என் யோசனை இதுதான். நாளைக்கு 200 ரூபாய் வீதம் பத்து நாள் விளம்பரம் ஓட்டுங்கள். ஜிஎஸ்டி 18% சேர்த்து 2360 ரூபாய். கைக்காசு போகும்போது வரும் கவனம் வீடியோ பார்க்கும்போது வராது.

செக்கடி_செல்வம்

அண்ணே, இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கைக்காசு போட்டால் கவனம் வரும் என்பது சரி. ஆனால் வாங்குகிறவர் மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்று தெரியாமல் விளம்பரம் போட்டால் அந்த 2360 கிணற்றில் போட்ட கல்தான்.

காங்கேயம் பக்கம் எங்களுக்கு மரச்செக்கு இருக்கிறது. 2021-இல் பிளாகரில் ஒரு தளம் தொடங்கினேன், காசு எதுவும் இல்லை. கடலை எண்ணெயின் பெருமையைப் பத்துப் பக்கம் எழுதினேன், ஒருவரும் வரவில்லை. அப்புறம் அதைக் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்தேன். அதுவும் இலவசம்தான். என்ன சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு வரை அதில் கிடைக்கும். அங்கே ஒரு வரி என்னை நிறுத்தியது. செக்குக் கடலை எண்ணெய் பொரிக்கும்போது ஏன் நுரைக்கிறது என்று ஜனங்கள் தேடியிருக்கிறார்கள். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் அம்மாவை அடுப்படியில் அப்பளம் பொரிக்கச் சொல்லி, நுரை பொங்கி அடங்குவதைப் போனில் எடுத்தேன். சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கிவிடும் பசைப்பொருளும் ஈரமும்தான் காரணம், கலப்படம் இல்லை என்று நாலு பத்தி எழுதினேன். இன்றைக்கும் எங்களுக்கு வரும் புது ஆட்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள்தான்.

மலர் அக்கா, உங்களிடம் வாட்ஸ்அப்பில் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? அங்கிருந்து தொடங்குங்கள்.

பாடம்_எடுப்பவன்

நான் இப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் ஆசிரியர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலர் கேட்ட நிலையம் எங்களுடையது இல்லை.

பாடம் எல்லாம் வெளியே இலவசமாகக் கிடைக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் தருவது திருத்தம். போன மாதம் ஒரு மாணவி, தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிடிக்ஸ் கணக்கைக் காட்டினாள். தினமும் 40 பேர் வருகிறார்கள், யாரும் வாங்கவில்லை, விலையைக் குறைக்கவா என்று கேட்டாள். உட்கார்ந்து பார்த்தால் அந்த 40-இல் பாதிக்கு மேல் அவளும் அவள் கணவரும் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தது. சொந்த வரவைக் கழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தனியாகப் படித்திருந்தால் விலையைக் குறைத்து நஷ்டப்பட்டிருப்பாள். தப்பை அந்த இடத்திலேயே பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் கட்டணம்.

நித்யா_ஓசூர்

சார், உங்கள் வகுப்பு நல்ல வகுப்பாக இருக்கலாம். நான் 38,000 கட்டிய இடத்தில் திருத்த யாருமே இல்லை. கூகுள் அனலிடிக்ஸின் பழைய வடிவமான யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு புது வரவுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டது. நான் சேர்ந்தது அந்த வருடம் நவம்பரில். அப்போதும் பழைய திரையின் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துப் பாடம் என்று கொடுத்தார்கள். கேட்டதற்கு, "அடிப்படை ஒன்றுதானே" என்றார்கள். அப்பா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது.

புது அனலிடிக்ஸை நான் கற்றது கூகுளின் டெமோ கணக்கில். கூகுள் தன் பெயர் போட்ட சட்டை, கோப்பை விற்கும் கடையின் உண்மையான கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். எதையும் கெடுத்துவிட முடியாது, எவ்வளவு வேண்டுமானாலும் நோண்டலாம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் விட்டுப் போனார்கள் என்று இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன். இணையத்திலேயே மார்க்கெட்டிங் பாடம் நடத்தும் ஹப்ஸ்பாட் அகாடமியில் இலவசச் சான்றிதழும் வாங்கினேன். ஆனால் நேர்காணலில் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. மாடித்தோட்டம் பற்றி நான் எழுதிய சின்ன வலைப்பதிவின் சர்ச் கன்சோல் கணக்கைக் காட்டினேன், வேலை கிடைத்தது.

மலர் அக்கா, ஒன்று மட்டும். அனலிடிக்ஸ் போட்டால் முதல் நாளே அமைப்பில் தரவு வைத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 14 மாதமாக மாற்றுங்கள். தானாக 2 மாதத்தில்தான் நிற்கும். இல்லையென்றால் போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் விவரமாக ஒப்பிட முடியாமல் போய்விடும்.

பாடம்_எடுப்பவன்

நித்யா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. சேருகிற யாரும் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆசிரியர் தன் சொந்தக் கணக்கைத் திறந்து காட்டுகிறாரா என்று பாருங்கள். காட்டாவிட்டால் வந்துவிடுங்கள்.

ஆனாலும் நான் சொன்னதில் மாற்றமில்லை. நீங்கள் இரண்டு வாரம் ஒரே கணக்கில் கிடந்தேன் என்கிறீர்கள். அந்தப் பிடிவாதம் எல்லோருக்கும் வராது.

மலர்_சின்னாளப்பட்டி

செல்வம் தம்பி, நீங்கள் கேட்டதற்காக வாட்ஸ்அப்பை நான்கு மாதம் பின்னால் போய்ப் படித்தேன். இரண்டே கேள்விதான். "சாயம் போகுமா?", "இது கையால் முடிச்சுப் போட்டதா, அச்சா?"

அப்புறம் எந்தச் சொல்லை அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் பார்த்தபோது ஆச்சரியமாகிவிட்டது. ஆங்கிலத்தில் தேடுகிறவர்கள் சுங்குடி, சுங்கடி, சுங்கிடி என்று ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள். நான் ஒரே விதமாகத்தான் எல்லா இடத்திலும் எழுதி வைத்திருந்தேன். ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று சொல்லும் கூகுள் கீவேர்ட் பிளானரில் போனால் "100 முதல் 1000" என்று மட்டும் காட்டுகிறது. 100-ஆ, 1000-ஆ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை (திருப்பூர்)

இதைத்தான் சொன்னேன். விளம்பரம் ஓட்டாத கணக்குக்கு கூகுள்காரன் வரம்புதான் காட்டுவான். காசு செலவு செய்கிற கணக்குக்குத்தான் சரியான எண் வரும். இலவசத்தின் எல்லை அதுதான்.

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. ராத்திரி இரண்டு மணி நேரம், மூன்று மாதம் என்றால் 180 மணி. அந்த நேரத்துக்கு விலை இல்லையா? 180 மணியில் எத்தனை சேலைக்கு முடிச்சுப் போடலாம்? உழைக்கிறவர்களின் நேரத்தை இலவசம் என்று கணக்கெழுதுவது எனக்கு மனசுக்குப் பிடிக்கவில்லை.

செக்கடி_செல்வம்

அக்கா, எது பெரியது எது சிறியது என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும். ஒரு எழுத்துக்கூட்டல் "1000 முதல் 10,000", மற்றது "100 முதல் 1000" என்றால் தலைப்பில் எதைப் போடுவது என்று முடிவாகிவிட்டது. மற்றவற்றை உள்ளே ஒரு வரியில் "இப்படியும் சொல்வார்கள்" என்று எழுதிவிடுங்கள். துல்லியமான எண் நாளைக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யும்போது வேண்டியது.

கணக்குப்பிள்ளை அண்ணன் திண்ணை என்று சொன்னது உண்மை. அதனால்தான் வாடிக்கையாளர் பெயர், எண், எந்தச் சேலை, என்ன தேதி என்று தனியாக ஒரு ஷீட்டில் ஏற்றி வைக்கச் சொல்கிறேன். கருவி போனாலும் அது உங்களிடம் இருக்கும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும். பார்சலுக்குள் "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வையுங்கள்.

மலர்_சின்னாளப்பட்டி

கணக்குப்பிள்ளை அண்ணன், நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் கணக்குப் போட்டதில்லை. ஆனால் ராத்திரியில் முடிச்சுப் போட்டால் கண் எரிகிறது, அந்த இரண்டு மணி நேரம் எப்படியும் தொழிலுக்கு ஆகாது. போட்டாலும் அதே கடைக்கு அதே விலைக்குத்தான் போகும்.

இன்னொன்று கேட்க வேண்டும். பெரிய கடைகள் என்ன விளம்பரம் போடுகின்றன என்று எப்படிப் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை (திருப்பூர்)

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவின் ஆட் லைப்ரரியைத் திறங்கள். கடைப் பெயரைப் போட்டால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம் எல்லாம் வரும், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் இருக்கும். மூன்று நாளில் மறைவதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதமாக ஒன்று ஓடுகிறது என்றால் அது காசு தருகிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் எந்த முதலாளியும் ஓடவிடமாட்டார். அதன் முதல் வரியையும் முதல் படத்தையும் கவனியுங்கள். இதுவும் இலவசம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பதிவுக்குக் கீழே வரும், காசு வாங்கிக்கொண்டு பதிவை நிறையப் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். லைக் வரும், வாங்கும் ஆள் வரமாட்டார். வாட்ஸ்அப்பில் செய்தி வரவைக்கும் விளம்பரமாகப் போடுங்கள்.

மலர்_சின்னாளப்பட்டி (ஆறு வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டவில்லை.

பிளாகரில் மூன்றே பக்கம் போட்டேன். முதலாவது சாயம் பற்றி. கல் உப்புத் தண்ணீரில் முதல் முறை எப்படி நனைப்பது, எந்த நிறம் இரண்டு அலசல் வரை கொஞ்சம் விடும் என்று மறைக்காமல் எழுதினேன். நனைத்த சிவப்புச் சேலையை வெள்ளைத் துணியில் தேய்த்து வீடியோவும் போட்டேன். வெள்ளையில் லேசாக ரோஸ் ஏறுகிறது, அதையும் வெட்டாமல் விட்டேன். மாமியாருக்கு இதில் கோபம், நம் சரக்கை நாமே குறை சொல்வதா என்று இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது, முடிச்சா அச்சா என்று கண்டுபிடிப்பது. போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தேன். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகக் குமிழ்ந்து நிற்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அச்சில் எல்லாம் ஒரே அளவு. நாங்கள் இரண்டும் விற்கிறோம், விலை வேறு என்றும் எழுதிவிட்டேன். மூன்றாவது விலைப்பட்டியல்.

முன்னறைக்கு ஆட்கள் வந்து சேலை பார்ப்பதால் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் வாங்க முடிந்தது. நேரில் ஆள் வராத வெறும் ஆன்லைன் கடை என்றால் தரமாட்டார்களாம். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், சாயத்தொட்டியையும் பெயர்ப்பலகையையும் காட்டினேன்.

சர்ச் கன்சோலில் ஆறு வாரத்தில் 31 பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். நான்கு பேர் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், இரண்டு பேர் வாங்கினார்கள். மொத்தம் மூன்று சேலை. பாடம் எடுக்கும் சார் சொன்ன மாதிரி என் சொந்த வரவு ஏதும் இதில் சேர்ந்திருக்குமா?

பாடம்_எடுப்பவன்

சர்ச் கன்சோல் கூகுளில் தேடி வந்த கிளிக்கை மட்டும்தான் எண்ணும். நீங்கள் கூகுளில் தேடி உங்கள் பக்கத்தையே அழுத்தியிருந்தால் அது சேர்ந்திருக்கும். இனிமேல் முகவரியை நேராகத் தட்டித் திறங்கள். மூன்று சேலை நல்ல தொடக்கம் அம்மா. இதை என் வகுப்பில் காட்டலாமா?

கணக்குப்பிள்ளை (திருப்பூர்)

31 பேருக்கு ஆறு வாரம். இந்த வேகத்தில் தீபாவளியைப் பிடிக்க முடியாது, அதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்த வெள்ளைத் துணி வீடியோவைப் பார்த்தேன். அதை விளம்பரமாக்கி ஒரு நாளைக்கு 100 ரூபாய் வையுங்கள், 200 வேண்டாம். மதுரை, கோவை, சென்னை மூன்று ஊர் மட்டும். எதிலிருந்து செய்தி வந்தது என்று உங்கள் ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலர்_சின்னாளப்பட்டி

சார், தாராளமாகக் காட்டுங்கள். மாமியார் முகம் வீடியோவில் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அண்ணா, இந்த மாத ஆயிரத்தில் 700 மீதி இருக்கிறது. ஜிஎஸ்டி போக ஐந்து நாளைக்கு வரும். திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்கைத் திறக்கிறேன், ஏதாவது புரியாவிட்டால் இங்கேயே கேட்கிறேன்.