அடைப்புக்குறி உள்ள பெயரை ரெகெக்ஸில் அப்படியே தேடுவது எப்படி?

வேலந்தாவளத்தான்:
வேலந்தாவளத்தில் ஒரு காய்கறி மண்டிக்காகப் பைத்தானில் கணக்கு நிரல் எழுதி வருகிறேன். எல்லைக்கு இரு புறமிருந்தும் சரக்கு வருவதால், மண்டிக்காரர் 'கத்தரி (நாட்டு)', 'வெங்காயம் [சின்னது]' என்று தம் போக்கில் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கிறார். தேடல் பெட்டியில் தட்டுவதை அப்படியே ரெகெக்ஸாக, அதாவது சில குறிகளுக்குச் சிறப்புப் பொருள் உள்ள தேடல் வடிவமாகக் கொடுக்கிறேன். 'கத்தரி (நாட்டு)' என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, 'தக்காளி (' என்பதோடு நிறுத்தினால் நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது, 14.50 என்ற விலைக்கு 14750 உள்ள வரியும் வந்து நிற்கிறது. ஒவ்வொரு குறிக்கு முன்னும் நானே பேக்ஸ்லாஷ் சேர்த்துவிடலாமா?

கொழிஞ்சாம்பாறை:
வேண்டாம் தம்பி. அந்தக் குறிகளை வெறும் எழுத்தாகக் கொள்ளும்படி பேக்ஸ்லாஷைத் தானே சேர்க்க (இதுதான் எஸ்கேப்) பைத்தானில் ரீ.எஸ்கேப் இருக்கிறது, ஜாவாவில் பேட்டர்ன்.கோட், பெர்லில் கோட்மெட்டா, பிஎச்பியில் ப்ரெக்_கோட். ஜாவாஸ்கிரிப்டுக்குத்தான் இது 2025 தரவரையறையில் வந்து சேர்ந்தது. கையால் எழுதுபவர்கள் புள்ளியையும் அடைப்புக்குறியையும் நினைவில் வைத்துக்கொண்டு பேக்ஸ்லாஷைக் கடைசியாக மாற்றுவார்கள். அப்போது தாங்களே சற்றுமுன் சேர்த்த பேக்ஸ்லாஷ்களும் இரட்டிப்பாகி எல்லாம் கெட்டுப்போகும். பயனர் தட்டிய துண்டுக்கு மட்டும் எஸ்கேப் செய்யுங்கள், நீங்கள் எழுதிய வடிவத்தைத் தொடாதீர்கள். பைத்தான் 3.6 வரை ரீ.எஸ்கேப் தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முன்னும் பேக்ஸ்லாஷ் போட்டது. அச்சிட்டுப் பார்த்தால் அச்சமாக இருக்கும், தேடலுக்குக் கேடில்லை. 3.7 முதல் சிறப்புப் பொருள் உள்ள குறிகளுக்கு மட்டுமே போடுகிறது.

மீனாட்சிபுரம்:
கண்டுபிடித்ததற்குப் பதிலாக வைக்கும் மாற்றுச் சரத்துக்கு ரீ.எஸ்கேப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் சிறப்புப் பொருள் கிடையாது, பேக்ஸ்லாஷை மட்டும் இரட்டித்தால் போதும். ஜாவாவில் டாலர் குறியும் கணக்கில் வருவதால் அதற்கென மேட்சர்.கோட்ரீப்ளேஸ்மென்ட் தனியாக உள்ளது. ஜாவாவில் சரத்தை மொழி ஒருமுறையும் ரெகெக்ஸ் ஒருமுறையும் படிப்பதால், ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட "\\\\" என நான்கு எழுத நேரிடுகிறது.

வேலந்தாவளத்தான்:
நன்றி அண்ணா, அடைப்புக்குறித் தொல்லை தீர்ந்தது. ஆனால் முழுச் சொல்லாகத் தேடுவதற்காக இருபுறமும் சொல்லெல்லைக் குறி (\b) போட்டிருக்கிறேன். 'கத்தரி' தனியாக உள்ள வரி விடுபட்டு, 'கத்தரிக்காய்' உள்ள வரி வருகிறது.

கொழிஞ்சாம்பாறை:
அது எஸ்கேப்பின் குற்றமன்று. பைத்தானின் ரெகெக்ஸ் தொகுப்பான ரீ, தமிழ் உயிர்க்குறிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. 'கத்தரி'யின் ஈற்றில் உள்ள இகரக் குறியும் அடுத்த வெற்றிடமும் அதற்கு ஒரே இனம் என்பதால் அங்கே எல்லை இல்லை. அதே குறிக்குப் பின் 'க்' வந்தால் எல்லை உண்டு. 'நாட்டு)' என்று முடியும் பெயருக்கும் இதே கதிதான். சொல்லெல்லைக்குப் பதிலாக, முன்னும் பின்னும் வெற்றிடமல்லாத எழுத்து இருக்கக் கூடாது என்ற எதிர்மறை நிபந்தனையை இருபுறமும் வையுங்கள். முழுச் சொல் தேவையில்லாத இடத்தில் ரெகெக்ஸே வேண்டாம், பைத்தானின் 'இன்' (in) செயற்குறி போதும்.