ஒட்டுண்ணி எனக்கு ஒட்டவில்லை

கோபப்படாமல் படியுங்கள். பாராசைட் என்கிற கொரியப் படம் மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. அதைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்று கேட்கத்தான் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன், கீழே நீங்களும் எழுதுங்கள். முதலில் என் கதை.

2020 பிப்ரவரி. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, சர்வதேசப் படம் என்று நான்கு ஆஸ்கரை அள்ளிய வாரம். ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று சிறந்த படமானது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் கொரியப் படம் பார்க்கிறேன் என்றால் “அந்தச் சுத்தியல் படமா?” என்று ஓல்ட்பாயை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த அலுவலக நண்பர்களே டிக்கெட் போட்டு என்னை இழுத்துப் போனார்கள். நன்றாகத்தான் போனது. பணக்கார வீட்டில் வேலை பிடிக்க அந்த ஏழைக் குடும்பம் பீச் பழத்தின் பூந்துகளைச் சுரண்டித் தூவி வேலைக்காரம்மாவைத் துரத்தும் இடத்தில் தியேட்டரே சிரித்தது. அதே அம்மா ராத்திரி மழையில் நனைந்தபடி வந்து அழைப்பு மணியை அழுத்தியபோது பக்கத்து சீட்காரர் வாய்க்குக் கொண்டுபோன பாப்கார்னை அப்படியே வைத்திருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் வெளியே வந்து டீ குடித்து முடிப்பதற்குள் எனக்குள் படம் முடிந்துவிட்டது. மேலே பணக்காரர், கீழே ஏழை, அதற்கும் கீழே இன்னொருவர், நடுவே படிக்கட்டு. எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. பரிசாக வந்த கல்லைப் பார்த்து அந்த ஏழை வீட்டு மகனே “குறியீடா இருக்கே” என்கிறான். கிண்டல்தான், தெரியும். இருந்தாலும், நான் யோசிக்க எதையாவது மிச்சம் வைத்திருக்கலாமே என்று இருந்தது.

பாராசைட்டை இயக்கிய அதே போங் ஜூன்-ஹோ 2003ல் எடுத்த மெமரீஸ் ஆஃப் மர்டரை நான் பார்த்தது விடுதி அறையில், நண்பன் பென் டிரைவில் கொண்டுவந்த பிரதியில். தொடர்கொலைகாரன் கடைசிவரை கிடைக்க மாட்டான். வருடங்கள் கழித்து, போலீஸ் வேலையை விட்டுவிட்ட நாயகன் சோங் காங்-ஹோ பழைய பிணம் கிடந்த வயலோரக் கால்வாயைக் குனிந்து பார்க்கிறார். கொஞ்ச நாள் முன்பு இன்னொருவரும் இப்படித்தான் எட்டிப் பார்த்தார் என்கிறாள் ஒரு சிறுமி. ஆள் எப்படி இருந்தான்? சாதாரணமாகத்தான் இருந்தான். அவர் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். அன்று விளக்கை அணைக்க நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஏவிக்கொண்டிருந்தோம்.

பாராசைட் கான்ஸில் தங்கப் பனை வாங்கிய அதே 2019ல், செப்டம்பரில், மெமரீஸ் கதைக்கு அடிப்படையான கொலைகளைச் செய்த நிஜ ஆள் டிஎன்ஏ சோதனையில் சிக்கினான். வேறொரு கொலைக்காக 1994லிருந்தே சிறையில் இருந்திருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்ததாகவும் அப்போது தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றும் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னான். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த விடுதி அறை ஞாபகம் வந்தது.

*

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். பாராசைட் பார்த்த என் அத்தை பாதிப் படத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “இது நம்ம மின்சார கண்ணாடா!” 1999ல் வந்த விஜய் படம். ஒரே குடும்பம் உறவை மறைத்துக்கொண்டு பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்வது வரைக்கும் ஒற்றுமை உண்டுதான். தயாரிப்பாளர் வழக்குப் போடப்போகிறார் என்றுகூடச் செய்தி வந்தது. கடைசி அரை மணி நேரம் அத்தை வாயே திறக்கவில்லை. முடிந்ததும், “ஏன்டா, கத்தி எங்கேருந்துடா வந்துது?” என்றார். எங்கள் வீட்டு விமர்சனம் அவ்வளவுதான்.

*

தொடங்கிய நண்பருக்கு. சியோலில் படிக்கப் போன புதிதில் எட்டு மாதம் பன்ஜிஹாவில் இருந்தேன். பாதி வீடு தரைக்குக் கீழே. ஜன்னலில் செருப்பும் ஷூவும் மட்டும் போகும், வரும். எது யாருடையது என்பது வரை பழகிவிட்டது. கழிப்பறை மட்டும் இரண்டு படி உயரத்தில் இருக்கும். வீடு பள்ளத்தில் இருப்பதால் அதைக் கீழே வைத்தால் சாக்கடை திரும்பி வந்துவிடும். அங்கே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பாராசைட்டில் வெள்ளம் பொங்கும்போது மகள் கழிப்பறை மூடி மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பாளே, அதில் உங்களுக்கு அளவெடுத்த தையல் தெரிந்தது. எனக்கு என் கழிப்பறை தெரிந்தது.

அப்புறம் அந்த வாடை. மழைக்காலத்தில் சுவர்த்தாளுக்குப் பின்னால் பூஞ்சை ஏறும். துவைத்த சட்டை காய்ந்தாலும் ஈரத்துணி வாடை போகாது. ஒருநாள் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேறு எதற்காகவும் இருக்கலாம். மறுநாளிலிருந்து பையில் ஒரு சட்டை கூடுதலாக வைத்துக்கொண்டேன். படத்தில், காரில் அந்தப் பணக்கார வீட்டம்மா சத்தமில்லாமல் கண்ணாடியை இறக்கும் காட்சி வந்தால் இன்றும் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறேன். 2022 ஆகஸ்ட் மழையில் சில்லிம்-டோங்கில் இப்படி ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள்.

ஒன்றில் மட்டும் உங்கள் கட்சி. மெமரீஸில் ரயில் குகை வாசலில் சோங் காங்-ஹோ அந்தச் சந்தேக ஆளின் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்பது, கொரிய மொழியில், “சோறாவது ஒழுங்கா தின்னுட்டுத் திரியுறியாடா?” என்கிற மாதிரி. நம்மைப் போலவே பார்த்தவுடன் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிற ஜனம். படம் பார்ப்பதற்கு முன்பே அந்த வரியைக் கேன்டீனில் சீனியர்கள் கிண்டலாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படத்தில் அதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

*

பாராசைட்மேல் எனக்குக் கோபம் இல்லை. “அதே மாதிரி இன்னொண்ணு சொல்லு” என்று கேட்பவர்கள்மேல்தான். இன்னொரு கொரிய இயக்குநர் லீ சாங்-டாங்கின் பொயட்ரி (2010) சொன்னால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள்.

நான் அதை அம்மாவோடு பார்த்தேன். அம்மா முப்பது வருடம் தமிழாசிரியை. கவிதை எழுதக் கற்றுக்கொள்ளப் போகிற அந்தப் பாட்டிக்கு மறதி நோய். பெயர்ச்சொற்கள்தான் முதலில் போகும், அப்புறம் வினைச்சொற்கள் என்கிறார் டாக்டர். அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். “அப்போ, சோறு போனப்புறமும் சாப்பிடுறது இருக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ரிமோட்டை எடுத்து ஓடவிட்டார். பேரனும் மற்றப் பையன்களும் சேர்ந்து செய்த கொடுமைக்கு அந்தப் பையன்களின் அப்பாக்கள் ஹோட்டலில் உட்கார்ந்து பணம் பேசும் காட்சியில் பாட்டி எழுந்து வெளியே போய்ப் பூவைப் பார்ப்பார். “நானும் அப்படித்தான் போயிருப்பேன்” என்றார் அம்மா.

*

தொடங்கியவன்தான். சியோல் நண்பரே, நேற்று பாராசைட்டை மறுபடி போட்டேன். நீங்கள் சொன்னதால் இந்த முறை கழிப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளத்துக்கு மறுநாள், மழை பெய்ததே நல்லதாகப் போயிற்று என்று அந்த வீட்டம்மா போனில் குதூகலிக்கும்போது கார் ஓட்டுகிறவரின் முகம் போகிற போக்கை முதல் தடவை தவறவிட்டிருக்கிறேன். சரி, அளவெடுத்துத் தைத்த சட்டைதான். யார் உடம்புக்கு அளவெடுத்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் என் பட்டியலில் மெமரீஸ் இறங்காது.

பொயட்ரி பார்த்தவருக்கு: அதே லீ சாங்-டாங்கின் பர்னிங்கை ஒருவரும் எடுக்கவில்லையே? கொரியாவிலேயே பாராசைட்டை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், 2018ல் வந்த பர்னிங்கை ஐந்து லட்சத்துச் சொச்சம். கையில் இல்லாத ஆரஞ்சை அந்தப் பெண் உரித்து உரித்துத் தின்பாளே, அதைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவள் அறையில் பூனை நிஜமாகவே இருந்ததா, இல்லையா? மூன்று தடவை பார்த்துவிட்டேன்.