கிரைண்டரில் நீலம் பாய்ந்த இரண்டு கத்திகள்: ஒன்றில் மட்டும் பதம் போனது ஏன்?

கேள்வி:
வணக்கம். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஊர்க் கொல்லர் அடித்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் வைத்துத் தந்த கத்தி ஒன்றும், பழைய பவர் ஹாக்சா பிளேடிலிருந்து நானே தேய்த்தெடுத்த கத்தி ஒன்றும் என்னிடம் உள்ளன. நுனியை ஒடுக்குவதற்காக இரண்டையும் பெஞ்ச் கிரைண்டரில் பிடித்தபோது, இரண்டிலுமே நீலம் பாய்ந்துவிட்டது. அதன் பிறகு பட்டைக் கத்தியில் பூசணித் தோலைச் சீவினாலே நுனிப்பக்கம் வாய் மடங்குகிறது. பிளேடுக் கத்தியோ முன்போலவே வெட்டுகிறது. பட்டைக் கத்தியைக் காப்பாற்ற வழியுண்டா?

பதில் 1:
சாதாரணக் கரி உருக்கில் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறமும், 280-இல் ஊதாவும், 300-ஐ ஒட்டி நீலமும் தோன்றும். அந்த நிறம் ஏறிய சூட்டைக் காட்டும். பதம் போயிற்றா என்பது, அந்த உருக்கை முதலில் எத்தனை டிகிரியில் டெம்பரிங் (கடினப்படுத்திய உருக்கை, நொறுங்காதபடி மறுபடி அளவாகச் சூடேற்றுவது) செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கத்திக்காகக் கடினப்படுத்திய பட்டையை 200 டிகிரியை ஒட்டித்தான் டெம்பரிங் செய்வது வழக்கம் என்பதால், 300-ஐத் தொட்டதுமே அது இளகிவிடுகிறது. உங்கள் ஹாக்சா பிளேடு ஹைஸ்பீட் ஸ்டீலாக (சூடு தாங்கும் வெட்டுக்கருவி உருக்கு) இருக்க வேண்டும்; அதை 550 டிகிரி அளவில் இரண்டு மூன்று முறை டெம்பரிங் செய்திருப்பார்கள். அந்தச் சூட்டில்தான் டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கார்பைடுகள் (கரியோடு சேர்ந்த கடினச் சேர்மங்கள்) நுண்துகள்களாகப் பிரிந்து அதற்கு உறுதி தருகின்றன. ஆகவே நீலம் அதற்கு வெறும் கறைதான். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சூடேறிய ஹைஸ்பீட் ஸ்டீலைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் மயிரிழை விரிசல் விழலாம், காற்றிலேயே ஆறவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. புது அரத்தால் உரசிப் பார்த்தேன். பிளேடுக் கத்தியில் அரம் வழுக்குகிறது. பட்டைக் கத்தியின் நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கடிக்கிறது, அதற்கு மேலே வழுக்குகிறது.

பதில் 2:
அரம் வழுக்கினால் உருக்கு கடினமாக இருக்கிறது, கடித்தால் இளகிவிட்டது என்று பொருள். அப்படியானால் கத்தி தப்பியது, தம்பி. நீலத்தைப் பாலிஷ் போட்டு அகற்றினால் நிறம்தான் போகும், இளகிய உருக்கு அங்கேயே இருக்கும். அரம் கடிக்கிற பகுதி முழுவதையும், அதற்கப்பால் அரை மில்லிமீட்டரையும் சேர்த்துத் தேய்த்தெடுங்கள். மழுங்கிய கல் வெட்டாமல் உரசிச் சூடேற்றும் என்பதால், பெல்ட் கிரைண்டரில் புதிய 80 நம்பர் பெல்ட்டைப் போட்டு, கையுறை இல்லாமல் பிடியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்பு கத்தியை நனைத்து, அலகின் மேல் நிற்கும் நீர்த்துளியைக் கவனியுங்கள்: வாயருகே அது சுருங்கி உலரத் தொடங்கும் நொடியில் மறுபடி முக்கிவிட வேண்டும். வாய் மெலிய மெலியச் சூடு பரவிப்போக இடமில்லாமல் நொடியில் ஏறும். அதனால் கடைசி அரை மில்லிமீட்டரைத் தண்ணீர்க் கல்லில் கையாலேயே தீட்டுங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை.

கேட்டவர்:
இரண்டு மாலைகள் பிடித்தன. கத்தி சற்றுக் குட்டையாகிவிட்டது, ஆனால் நுனிவரை அரம் வழுக்குகிறது. அடுத்து டி2 என்னும் கருவி உருக்கில் செய்த ஒரு கத்தியைத் திருத்த வேண்டும். அதற்கும் இதே எச்சரிக்கை தேவையா?

பதில் 2:
தேவைதான். டி2-ஐ 200 டிகிரியை ஒட்டியும் டெம்பரிங் செய்வார்கள், 500-க்கு மேலும் செய்வார்கள். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதில் குரோமியம் 12 சதவீத அளவில் இருப்பதால் நிறமும் தாமதமாகவே தோன்றும். செய்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால், 200 என்றே வைத்துக்கொண்டு தேயுங்கள்.