குடல் அசையாமல் நிற்பதை ஸ்கேனில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பொன்னி_லண்டன்:
எனக்குக் கிரோன்ஸ், அதாவது குடல் நாள்பட்டு வீங்கிப் புண்ணாகும் நோய். எம்.ஆர்.ஐ.க்கு முன்னால், குடல் விரிந்து தெரிவதற்காகத் தரும் அந்த மேனிட்டால் தண்ணீரை ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிற பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். இந்த முறை மூச்சை அடக்கச் சொல்லி, ஏறக்குறைய 20 விநாடி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தார்கள். பிறகு டாக்டர் அதை வீடியோவாக ஓட்டிக் காட்டினார். மற்ற சுருள்களெல்லாம் சுருங்குவதும் விரிவதுமாக நெளிந்துகொண்டே இருந்தன. வலது பக்கம் கீழே, சிறுகுடல் பெருங்குடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் விறைத்து நின்றது. வண்ணப் படத்தில் அசையும் இடம் சிவப்பு. அந்தத் துண்டு நீலம். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இத்தனை காலம் நான் கை வைத்துக் காட்டிய அதே இடம்!

மதுரை_செல்வம்:
தம்பிக்கு வெறும் அல்ட்ராசவுண்ட்தான் எடுத்தோம். முதலில் குடல் டிபி என்று மாத்திரை, அப்புறம்தான் கிரோன்ஸ் என்றார்கள். நம் ஊரில் பலருக்கும் இதே கதைதானே. "சுவர் தடிச்சிருக்கு, அசைவே இல்ல பாருங்க" என்று டாக்டர் திரையைத் திருப்பினார். 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் இரண்டு மடங்குக்கு மேல். அடைப்புக்கு முந்தைய குடல் வீங்கி, உள்ளே இருந்தது போக வழியில்லாமல் முன்னும் பின்னும் அலைந்தது. தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு என்ன சொல்வதென்று இப்போதும் தெரியவில்லை.

ஸ்கேன்_குமரன்:
டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். செல்வம் அண்ணே, "வெறும்" அல்ட்ராசவுண்ட் என்று சொல்லாதீர்கள். கதிர்வீச்சு இல்லை, குடல் நெளிவதை அந்த நேரத்திலேயே பார்க்கலாம், பழகிய கை இருந்தால் போதும். பொன்னி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எல்லா சென்டரிலும் போய் அதே வீடியோவைக் கேட்காதீர்கள். வழக்கமாகப் படம் கலங்காமல் வருவதற்காக பஸ்கோபான் ஊசி போட்டுக் குடலை நிறுத்திவிட்டுத்தான் எடுப்போம். அசைவு வேண்டுமென்றால் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும், அதனால் எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமே கேளுங்கள். அசைவை மட்டும் பார்க்க, நரம்பில் ஏற்றும் காடோலினியம் என்கிற கான்ட்ராஸ்ட் மருந்தும் தேவையில்லை. கண்ணில் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் பஸ்கோபான் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பழைய ஸ்கேன் படங்கள் உள்ள சிடி தட்டுகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள், ஒப்பிடாமல் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், அசையவில்லை என்றாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். வீக்கத்தால் நின்ற குடல் மருந்தில் மறுபடி அசையலாம். தழும்பாகி இறுகிவிட்டது என்றால் அது வேறு.

கயல்:
குமரன், எல்லாம் சரி. ஆனால் அசைவு வீடியோவைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பேன். எனக்கு, குடல் வீக்கத்தை மலத்தில் காட்டும் கல்ப்ரொடெக்டின் அளவு இறங்கிவிட்டது, எண்டோஸ்கோபி சுத்தம், ஆனாலும் சாப்பிட்டதும் வயிறு கல்லாகிறது. "மனசுதான் காரணம்" என்றார் ஒரு டாக்டர், ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. நோய் தொடாத சிறுகுடலிலும் அசைவு மாறியிருக்கும், அது நோயாளி சொல்லும் தொந்தரவோடு பொருந்துகிறது என்று 2016இலேயே எம்.ஆர்.ஐ. ஆய்வு வந்திருக்கிறது. அதைப் படித்த அன்று அழுதுவிட்டேன்.

பொன்னி_லண்டன்:
கயல், அந்த ஆய்வை அச்சடித்துக் கையோடு கொண்டுபோ. குமரன் தம்பி, எனக்கும் ஊசி போட்டார்கள், ஆனால் வீடியோ எடுத்து முடித்த பிறகு.