மார்கழிக் குளிரை நம்பி வேகமாகத் தொடங்கினேன். கடைசி 5 கிலோமீட்டரில் கால் ஓய்ந்துவிட்டது

வேளச்சேரிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. வேளச்சேரியில் ஒரு சிறிய ஓட்டக் குழுவோடு மூன்று ஆண்டுகளாக ஓடி வருகிறேன். பரிசு வாங்கும் ஓட்டக்காரன் அல்லன். நடுக் கூட்டத்தில் ஓடி, பதக்கத்தையும் பொங்கல் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவன். நவம்பரில் ஒரு 10 கிலோமீட்டர் போட்டியை 53 நிமிடம் 30 விநாடியில் முடித்திருந்ததால், ஜனவரி அரை மராத்தானை (21.1 கிலோமீட்டர்) இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

போட்டி நாளன்று காலை 5 மணிக்குத் தொடக்கக் கோட்டில் நின்றபோது காற்று சில்லென்று இருந்தது. மார்கழி மாதத்தைவிட நல்ல காலம் சென்னையில் ஓடுவதற்குக் கிடைக்காது என்று எண்ணி, கிலோமீட்டருக்கு 5:40 (5 நிமிடம் 40 விநாடி) என்று போட்டு வைத்திருந்த கணக்கைக் கைவிட்டு 5:30 வேகத்தில் ஓடினேன். முதல் 10 கிலோமீட்டர் 55 நிமிடத்தில் முடிந்தது. பக்கத்தில் ஓடியவரோடு பேசிக்கொண்டே வந்தேன். ஆனால் 12-ஆவது கிலோமீட்டரிலிருந்து, வேகம் சற்றுக் குறைந்த பிறகும், 158-இல் இருந்த இதயத்துடிப்பு 170-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. 14-ஆவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது; அங்கே நின்ற கல்லூரிப் பிள்ளைகள் காலி கேனைக் கவிழ்த்துக் காட்டி, "சாரி அங்கிள், வண்டி வந்துக்கிட்டே இருக்கு" என்றார்கள். 16 கிலோமீட்டரை 1 மணி 31 நிமிடத்தில் கடந்த நான், மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டரைப் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகக் கடந்து, 2 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். கறுப்பு டீ-ஷர்ட்டில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது; காலுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

என் கேள்வி இதுதான். வேகமாகத் தொடங்கியது பிழையா, தண்ணீர் கிடைக்காதது பிழையா, அல்லது பயிற்சியிலேயே குறை இருந்ததா? இன்னொன்று: என் கைக்கடிகாரம் 21.38 கிலோமீட்டர் காட்டியது. பாதையை நீளமாக வைத்துவிட்டார்களா?

அடையாற்றங்கரை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வெயிலைக் குறை சொல்ல உங்களுக்கு வழியில்லை. 5 மணிக்குத் தொடங்கி 1 மணி 31 நிமிடத்தில் 16 கிலோமீட்டரைக் கடந்தீர்கள் என்றால் அப்போது மணி 6:31. ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் எழும் நேரமே ஏறத்தாழ அதுதான். உங்கள் இதயத்துடிப்போ 12-ஆவது கிலோமீட்டரிலேயே, நல்ல இருட்டில், ஏறத் தொடங்கியிருக்கிறது. இருட்டில் நம்மைச் சுடுவது வெயில் இல்லை, ஈரம்.

தொடக்க இடத்துக்கு இருசக்கர வண்டியில் போயிருந்தால், புறப்படும்போது இருக்கையைத் துடைத்திருப்பீர்கள். இரவு மழை பெய்யாமலேயே இருக்கை நனைந்திருக்கும். மார்கழிப் பனி என்று நாம் சொல்வது அந்தத் தண்ணீரைத்தான். காற்று தாங்கக்கூடிய ஈரம் முழுவதையும் தாங்கி, இனி முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகு மிச்சத்தை உங்கள் வண்டி மேல் இறக்கி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காற்றில் உடம்பிலிருந்து வழியும் வியர்வை ஆவியாவதற்கு இடம் குறைவு. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து காலுறையை நனைக்கும் வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. அந்தத் தண்ணீரை நீங்கள் வெறுமனே இழந்திருக்கிறீர்கள். இரத்தத்தில் நீர் குறையக் குறைய, அதே வேகத்தைக் காப்பதற்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும், ஓடுவதற்குக் காலுக்கும் போக வேண்டும். 12-ஆவது கிலோமீட்டரில் நீங்கள் பார்த்தது இந்த இழுபறியைத்தான்.

நின்றுகொண்டிருந்தபோது சில்லென்று தோன்றியது பொய்யில்லை. ஆனால் அது நிற்கிறவனுக்கான குளிர். 22 டிகிரி என்பது ஸ்வெட்டரும் மங்கி தொப்பியுமாக நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்குக் குளிர்; ஓடுகிறவனுக்கு அது சூடு. சென்னையில் எனக்குப் பழக்கமான வழி, முதல் 5 கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாக ஓடுவது. எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், வயிற்றெரிச்சலாக இருக்கும். 15-ஆவது கிலோமீட்டருக்கு மேல் அவர்களில் பாதிப் பேரைச் சாலையோரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்ப்பீர்கள். பாலங்களையும் நினைவில் வையுங்கள். சமதரையான நம் ஊரில் திரு.வி.க. பாலத்தின் ஏற்றமே, திரும்பி வரும்போது, மலை மாதிரி தெரியும். அங்கே வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஏறுங்கள்.

தண்ணீர் தீர்ந்தது ஏற்பாட்டாளர்கள் பிழை. அதில் சந்தேகமில்லை, அவர்களுக்கு எழுதுங்கள். ஆனால் ஒரு மேசை வெறுமையாக இருந்ததால் பத்து நிமிடம் போகாது. அடுத்த மேசையில் ஏமாற்றத்தோடு நான்கைந்து கோப்பையை ஒரேயடியாகக் குடிக்கவும் வேண்டாம். உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றலும் வாந்தியும் வரலாம், முற்றினால் உயிருக்கே ஆபத்து.

ரேஸ் கோர்ஸ் சுற்று (கோவை) எழுதியது:

பெரியவர் சொன்ன ஈரத்தின் கணக்கு சரிதான். டிசம்பரில் கோவையில் அரை மராத்தானை 1 மணி 52 நிமிடத்தில் முடித்த நான், நான்கே வாரம் கழித்துச் சென்னையில் அதே உடம்போடு 1 மணி 58 நிமிடத்தில்தான் முடித்தேன். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கடலும் பக்கத்தில் இல்லை. கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு நிதி திரட்ட நடக்கும் கோயம்புத்தூர் மராத்தானை டிசம்பரில் ஓடிப் பாருங்கள், காலை வேறு மாதிரி இருக்கும்.

ஆனாலும் முழுப் பழியையும் காற்றின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஐயா, நீங்கள் 10 கிலோமீட்டர் நேரத்தைச் சொன்னீர்கள். நவம்பர், டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் 16 கிலோமீட்டருக்கு மேல் எத்தனை முறை ஓடினீர்கள் என்று சொல்லவில்லை. வேகம் இருப்பது வேறு, அந்த வேகத்தை இரண்டு மணி நேரம் தாங்குவது வேறு. ஜனவரிப் போட்டிக்கான நீண்ட ஓட்டங்கள் எல்லாம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வருகின்றன. ஒரு ஞாயிறு மழை, அடுத்த ஞாயிறு கல்யாணம், மூன்றாவது ஞாயிறு மறுபடியும் மழை என்று போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் இருந்த என் மைத்துனர், தெருவில் தண்ணீர் வடியும்வரை அடுக்குமாடியின் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஜனவரியில் ஓடவும் ஓடினார். ஆனால் இலக்கை இருபது நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டு ஓடினார்.

யார்க் தமிழன் எழுதியது:

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு ஓட்டக் கழகத்தில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே குளிர்காலம்தான் சாலைப் போட்டிக்காரர்கள் சாதனை நேரம் தேடும் காலம். ஜனவரியில் 'பிராஸ் மங்கி' என்று ஓர் அரை மராத்தான் நடக்கும். குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பி, சமதரையான கிராமத்துச் சாலைகளில் ஓடித் திரும்ப வேண்டும். எட்டு மணிக்கு மேல்தான் விடியும். தொடக்கக் கோட்டில் கறுப்புக் குப்பைப் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நிற்போம். ஓட்டம் தொடங்கும் கணத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கழகத்தின் கையில்லாப் பனியனோடு ஓடுவோம். கையுறையை மட்டும் கழற்றுவதில்லை. முதல் ஆண்டில் விரல் மரத்துப்போய், முடிந்த பிறகு ஷூ நாடாவை அவிழ்க்க என் மனைவியைக் கூப்பிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. ஜனவரிக் காலையில் இங்கேயும் ஈரப்பதம் 90 சதவீதம் என்று கைப்பேசி காட்டும், சென்னையிலும் 90 என்று காட்டும். அந்த எண்ணை வைத்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்ந்த காற்று மிகக் கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்கும், அதில் 90 சதவீதம் என்பது அற்பம். நீங்கள் பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. சென்னை மார்கழியில் அது 20 டிகிரியை ஒட்டி இருக்கும்; இங்கே 3 டிகிரி இருந்தால் அதிகம். 20-இல் காற்றில் இருக்கும் நீராவி 3-இல் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நான் அங்கே வளர்ந்தவன்தான். இருந்தும் இரண்டு ஆண்டுக்கு முன் பொங்கல் விடுமுறையில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஓடியபோது, யார்க்கில் விளையாட்டாக ஓடும் வேகத்தில் நாலு கிலோமீட்டர்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஊர்க்காற்று என்னை மறந்துவிட்டது என்று அம்மா சொன்னார்.

இங்கே எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். முதல் நாள் இரவு சாலையில் பனி கண்ணாடிபோல் உறைந்துவிட்டால், மூன்று மாதப் பயிற்சி முழுவதும் போட்டி ரத்து என்ற ஒரு மின்னஞ்சலோடு போய்விடும்.

சைக்கிள் அளவையாளர் எழுதியது:

கடிகாரக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பாதை நீளமாக இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. முறையாகச் சான்று பெறும் பாதைகளை, சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளின் உட்புறத்தை ஒட்டி, சாலை அனுமதிக்கும் மிகக் குறைந்த தூரமுள்ள வழியில் அளப்பார்கள். தப்பித் தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டியும் வைப்பார்கள். அரை மராத்தானின் 21.0975 கிலோமீட்டருக்கு அது 21 மீட்டர். நீங்கள் அந்தக் குறைந்த தூர வழியில் ஓடியிருக்க மாட்டீர்கள். தண்ணீர் மேசைக்காக இடப்பக்கம் ஒதுங்குவது, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு முந்துவது, திருப்பங்களில் வெளிவிளிம்பில் அகலமாகப் போவது என்று இருநூறு மீட்டர் சுலபமாகக் கூடும்; உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கடிகாரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அடுத்த முறை வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல், சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது பொத்தானை அழுத்திக் கணக்கிடுங்கள். கடிகாரம் 5:40 என்று காட்டும்போது பலகைக்குப் பலகை 5:45 ஆகியிருக்கும். இரண்டு மணி நேர இலக்குகள் பல அந்த ஐந்து விநாடியில்தான் தவறுகின்றன.

வேளச்சேரிக்காரன் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோவை நண்பர் கேட்டதற்கு மறைக்காமல் சொல்கிறேன்: 16 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது இரண்டே முறை, அதில் ஒன்று 16.2. குழுவில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த ஞாயிறு காலை 4:30-க்கு வண்டியை எடுக்கப் போனேன். அடையாற்றங்கரை அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து, இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்து, அதைப் பிழிந்து பார்த்தேன், நன்றாகவே சொட்டியது. அதனால் குழுவின் வேகக்காரர்களை முன்னே போகவிட்டு, கிலோமீட்டருக்கு 6:10-இல் கிளம்பினேன். தெருக்களில் அப்போதுதான் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்களில் ஒருவர் பாதிக் கோலத்தை மிதித்துவிட்டு ஓட, அந்த வீட்டம்மாவின் வசவு முழுவதும் பின்னால் மெதுவாக வந்த எனக்குக் கிடைத்தது. 18 கிலோமீட்டர் முடித்தேன். கடைசி மூன்றும் 5:50-க்குள் வந்தன, இதயத்துடிப்பு 160-ஐத் தாண்டவில்லை. கோலத்தை மிதித்தவரை 15-ஆவது கிலோமீட்டரில், டீக்கடை பெஞ்சில் பார்த்தேன்.