பென்சிலுக்கு முந்தி கடலைக்காய்

குழந்தைகளின் கைப்பழக்கம் பற்றிப் பெற்றோர் சிலர் பகிர்ந்துகொண்டவை.

கோபி (கோபிசெட்டிபாளையம்) அம்மா:
மகள் எல்.கே.ஜி. சேர்ந்தபோது மூன்றரை வயது. இரண்டே மாதத்தில் நோட்டில் சிவப்பு மையில் ‘வீட்டில் எழுதப் பழக்கவும்’ என்று வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் விரலைப் பிடித்து எழுத வைத்தோம். பென்சிலைக் கரண்டி மாதிரி முழுக்கையால் இறுக்குவாள், பத்து நிமிஷத்தில் “கை வலிக்குதும்மா” என்று அழுவாள். சோம்பல் என்று நினைத்து அதட்டியும் விட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

காய்ச்சலுக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். மணிக்கட்டில் இருக்கும் 8 எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதானாம், ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறுமாம். 3 வயதில் வட்டம் போட்டால் போதும், 4-ல் கூட்டல் குறி, சதுரம் அதற்கும் பிறகு. மூன்று விரலால் பென்சில் பிடிப்பது பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தானாக அமையும், முதலில் தோளும் கையும் பலப்படட்டும் என்றார். எழுத வைப்பதை அன்றோடு நிறுத்தினோம்.

முழுப் பரீட்சை லீவில் அமிச்சி (அம்மாவழிப் பாட்டி) வீட்டுக்குப் போனோம். அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. அமிச்சி திண்ணையில் விதைக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். விதைக்கு உரிக்கும்போது பருப்பின் தோல் கீறக் கூடாது. இவள் முதல் நாள் பல்லால் கடித்தாள். “மூக்குல அமுக்கு சாமி, மெதுவா” என்று அமிச்சி கட்டைவிரலை வைத்துக் காட்டினார். நாலாம் நாள் ‘டப்’ என்று ஒரு காய் பிளந்தது, உள்ளே இரண்டு பருப்பும் கீறலில்லாமல் இருந்தன. எவ்வளவு அழுத்தினால் ஓடு உடையும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விரலுக்கே தெரிந்துவிட்டது. சந்தகை (இடியாப்பம் போன்ற பலகாரம்) பிழியும்போது மரப்பிடியில் தொங்கியது தனிக் கதை!

யு.கே.ஜி. பாதியில் பென்சில் தானாக மூன்று விரலுக்கு வந்தது.

திருப்பூர் அப்பா:
எங்கள் அனுபவம் வேறுங்க. மகன் எதை நீட்டினாலும் வலது கையால்தான் வாங்குவான், இடது கை மூடியே இருக்கும். “இப்பவே சோத்தாங்கை பழகிட்டான்” என்று வீட்டில் ஒரே சந்தோஷம். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போன இடத்தில் நர்சம்மா கவனித்துவிட்டார். ஒரு வயதுக்குள் ஒரு கை மட்டும் முந்தினால் அது வெறும் பழக்கமாக இல்லாமலும் இருக்கலாம், மற்ற கையை டாக்டரிடம் காட்டிப் பார்க்க வேண்டும் என்றார். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி சொல்லித் தந்தார்கள், தினமும் வீட்டில் செய்தோம். ஒன்றே கால் வயதில், பாயில் சிந்திய ஒரு பொரியை இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூட்டி எடுத்தான். என் மனைவி அழுதேவிட்டார். தயவுசெய்து யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னிமலை அம்மா:
என் மகள் இரண்டு வயதிலிருந்து இடது கைதான். மாற்றச் சொல்லாத சொந்தமில்லை. அவள் அப்புச்சி (அம்மாவழித் தாத்தா) கைத்தறி நெய்தவர். “தறியில ரெண்டு கையுந்தானுங்க வேலை செய்யுது, விடுங்க” என்றார். விட்டுவிட்டோம். இப்போது 6 வயது, ரிப்பனை அவளே பூப்போட்டுக் கட்டுகிறாள்.

கோபி அம்மா:
கடலைக்காயை எந்த வயதில் கொடுக்கலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: நாலு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டாங்க, பருப்பு மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எங்கள் சின்னவனுக்கு இப்போது சப்பாத்தி மாவு உருண்டைதான்.