சமைத்த சால்மன்: 208 கலோரியா, 206 கலோரியா? எந்த எடையைக் கணக்கில் எடுப்பது?

அடையாறு_அடுப்படி:
நார்வே சால்மன், ஃப்ரோசன், தோலோடு 200 கிராம் துண்டு. கலோரி ஆப்பில் பச்சை சால்மன் என்று தேடினால் 100 கிராமுக்கு 208 கலோரி. சமைத்தது என்று தேடினால் 206. சமைத்தால் தண்ணீர் வற்றும், அப்போது 100 கிராமுக்குக் கலோரி ஏறத்தானே வேண்டும்? எப்படி இறங்குகிறது? தராசில் எப்போது வைப்பது, அடுப்பில் ஏற்றும் முன்பா, இறக்கிய பிறகா? தோசைக்கல்லில் மிளகாய்த்தூள் மசாலா தடவி வறுத்தால் ஒமேகா 3 மிஞ்சுமா? இன்னொரு சந்தேகம்: மீன் ஆப்களில் "இந்தியன் சால்மன்" என்று விலை குறைவாக வருகிறதே, அதுவும் இதே சத்துதானா?

தராசுமுள்:
உங்கள் சந்தேகம் சரியானது. அந்த இரண்டு எண்களும் அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணையில் வருபவை, பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மனுக்கானவை. அட்டவணையில் பச்சை மீனுக்கான வரியில் கொழுப்பு 13.4 கிராம், சமைத்த மீனுக்கான வரியில் 12.35 கிராம். ஒரே மீனை எடுத்துச் சுட்டிருந்தால் தண்ணீர் போன அளவுக்குக் கொழுப்பின் விகிதம் ஏறியிருக்கும். இங்கே இறங்கியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு மீன்களை அளந்தவை என்றே தோன்றுகிறது. ஆகவே ஒரு வரியிலிருந்து இன்னொன்றைக் கழித்து "வறுத்ததில் 2 கலோரி போச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பண்ணை மீனின் கொழுப்பு அதன் தீவனத்தையும் வயதையும் பொறுத்து மாறும். ஒரே துண்டில்கூட வயிற்றுப் பக்கம் கொழுப்பு அதிகம், வால் பக்கம் குறைவு.

விதி ஒன்றுதான். பச்சையாக நிறுத்தால் பச்சை வரி, சமைத்து நிறுத்தால் சமைத்த வரி. மாற்றிப் போடக்கூடாது.

உங்கள் 200 கிராமுக்குப் பச்சை வரியில் 416 கலோரி, புரதம் சுமார் 41 கிராம். வறுத்த பிறகு துண்டு 160–170 கிராமுக்கு இறங்கும். 165 என்று வைத்துச் சமைத்த வரியில் பார்த்தால் 340 கலோரி, புரதம் 36 கிராம் சொச்சம். நடுவில் இவ்வளவு இடைவெளியா என்று திகைக்க வேண்டாம், மீனுக்கு மீன் அவ்வளவு வித்தியாசம் உண்டு. தினமும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும். பச்சையாக நிறுப்பது சுலபம், மசாலா எடை கணக்கில் சேராது. ஃப்ரோசன் துண்டு என்றால் மேலே பூசிய பனிக்கட்டி கரைந்து, தண்ணீரைத் துடைத்த பிறகுதான் நிறுக்க வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதை விட்டுவிட்டு 208ஆ 206ஆ என்று மண்டையை உடைப்பது வீண்.

மற்ற சத்துகள், சமைத்த 100 கிராமில்: ஒமேகா 3 வகைகளான ஈபிஏ 0.69 கிராம், டிஹெச்ஏ 1.46 கிராம், இரண்டும் சேர்ந்து 2 கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 250 மி.கி என்ற உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பார்த்தால் ஒரு வாரத்துக்கு மேல் வரும். பி12 2.8 மைக்ரோகிராம், செலினியம் 41 மைக்ரோகிராம். வைட்டமின் டி 500 ஐயூவுக்கு (வைட்டமின் அளக்கும் சர்வதேச அலகு) சற்று மேல், நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் தினசரி அளவு 600. ஆனால் இரும்பு 0.34 மி.கி, கால்சியம் 15 மி.கி மட்டுமே. இந்த இரண்டுக்கும் சால்மனை நம்பாதீர்கள். எலும்போடு டின்னில் அடைத்த சால்மனில் மட்டும் கால்சியம் 200 மி.கி தாண்டும், எலும்பையும் சேர்த்து மென்றால்.

கல்லும்_கரண்டியும்:
ஒமேகா 3 பத்தி நான் சொல்றேன். கல்லுல அஞ்சாறு நிமிஷ சூட்டுல அது ஆவியாகிப் போயிடாது. போற வழி வேற: மீனோட கொழுப்பு உருகிக் கல்லுக்கு இறங்கும், அந்த எண்ணெயை நீங்க துடைச்சுப் போட்டுடுவீங்க. வைட்டமின் டியும் கொழுப்புல கரையறதுதான், அதுவும் கூடவே போகும். முக்குற அளவு எண்ணெயில பொரிச்சா நஷ்டம் ரெட்டிப்பு. மீன் கொழுப்பு வெளிய போகுது, சூரியகாந்தி எண்ணெய் உள்ள வருது. வஞ்சிரம் மாதிரி கொழுப்பு கம்மியான மீனுக்கு எண்ணெய் தேவைப்படும். சால்மனுக்கு ஒரு டீஸ்பூனே ஜாஸ்தி.

முறை: 2.5 செ.மீ கனத் துண்டு. ஈரத்தை நல்லா ஒத்தி எடுங்க. மசாலாவைச் சதைப் பக்கம் மட்டும் தடவுங்க, தோல் பக்கம் வேணாம், மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். மிதமான தீயில தோல் கீழ இருக்கிற மாதிரி வைங்க. சூட்டுக்குத் தோல் சுருண்டு துண்டு வளையும், முதல் 15 செகண்ட் கரண்டியால அழுத்திப் பிடிங்க. அப்புறம் 5–6 நிமிஷம் தொடாதீங்க. பக்கவாட்டுல பாத்தா நிறம் வெளுத்து மேல ஏறி வர்றது தெரியும். முக்கால் வாசி ஏறினதும் திருப்பி ஒண்ணரை நிமிஷம். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 63 டிகிரி செல்சியஸ்.

வெள்ளையா தயிர் மாதிரி ஏதாவது பிதுங்கி வந்தா பயப்படாதீங்க, கொழுப்பு இல்ல, புரதம். ஆனா தீ அதிகம்னு அர்த்தம், உள்ள வறண்டுபோகும். தோலுக்கும் சதைக்கும் நடுவுல பழுப்பா ஒரு அடுக்கு இருக்கும், கெட்டுப்போச்சுன்னு சீவி எறியாதீங்க. ஒமேகா 3 நிறைய இருக்கிற இடமே அதுதான்.

கல்லே வேணாம்னா இட்லிப் பானை. வாழையிலையில மடிச்சு 9–10 நிமிஷம். உருகினதெல்லாம் இலையிலயே நிக்கும், அதை வழிச்சுச் சோத்துல போட்டுக்கலாம்.

மீன்கூடை:
"இந்தியன் சால்மன்" என்று விற்பது நம்ம காலா மீன். மும்பையில் ராவஸ் என்பார்கள். ருசியான மீன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சால்மன் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சதை வெள்ளை, கொழுப்பு குறைவு. ஆப்பில் சால்மன் என்று போட்டுக் காலாவைச் சாப்பிட்டால் ஒமேகா கணக்கு முழுக்கப் பொய். நார்வே சால்மன் குளிர்கடல் மீன், காசிமேட்டு ஏலத்தில் வராது, இறக்குமதிதான்.

ஒமேகா 3தான் குறி என்றால் மத்தியையும் கானாங்கத்தையையும் பாருங்கள், விலையும் கைக்கு அடக்கம். சிந்தாதிரிப்பேட்டையில் தாராளமாகக் கிடைக்கும். மத்தியின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும், நெய் வைத்த மத்தி கல்லில் போட்டதுமே தெரிந்துவிடும். சின்ன மத்தியை முள்ளோடு மென்றால் கால்சியமும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வரத்து சுருங்கி விலை ஏறும், அப்போது ஃப்ரோசன் சால்மன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

அடையாறு_அடுப்படி:
காலா விஷயம் தெளிவாயிற்று, நன்றி சார். குழம்பு வைத்தால்? வீட்டில் பிரஷர் உள்ளவரும் சாப்பிடுவார்.

கல்லும்_கரண்டியும்:
குழம்பு நல்லதுதான், உருகின கொழுப்பு குழம்புலயே மிதக்கும். மேல நிக்கிற எண்ணெயை அள்ளி வெளிய ஊத்தாதீங்க, அது முழுக்க நல்லெண்ணெய் இல்ல, மீன் கொழுப்பும் அதுல இருக்கு. புளி பச்சை வாசனை போய்க் குழம்பு சுண்டின அப்புறம் மீனைப் போட்டு, சிம்ல 6–7 நிமிஷம். கரண்டி விடாம சட்டியைப் பிடிச்சுச் சுத்துங்க, சால்மன் ஏடு ஏடா உதிரும்.

தராசுமுள்:
பிரஷருக்கு: உப்பில்லாமல் சமைத்த சால்மன் 100 கிராமில் சோடியம் 61 மி.கிதான். அரை டீஸ்பூன் உப்பு சேர்ந்தால் கூடுதலாக 1,100 மி.கிக்கு மேல். மீனில் உப்பைக் குறைத்து எலுமிச்சை, மிளகு, பூண்டை ஏற்றுங்கள். புகையூட்டிய சால்மன் பாக்கெட் அவருக்கு வேண்டவே வேண்டாம், உப்பில் ஊறியது. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் மருத்துவர் தந்த புரத அளவுக்குள் துண்டை வெட்டுங்கள்.

ஃப்ரோசன் என்பதால் ஒன்று. காற்று உறிஞ்சிய பாக்கெட்டோடு அப்படியே உருக விடாதீர்கள், காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அது வசதி. பாக்கெட்டைக் கிழித்து, மீனைத் தட்டில் வைத்து மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். சென்னை வெயிலில் சமையல் மேடையில் வைத்து உருக்குவது கூடவே கூடாது.